உப்புத் தண்ணீர்ச் சோதனை

"முட்டையா? இதைப் போயி முட்டைன்னு நம்ப நான் என்ன பால்குடிப் பிள்ளையா?"

போலீஸ் சார்ஜன் ராஜு பிளாஸ்டிக் பையை ஸ்டேஷன் மேசைமேல் போட்டார். உள்ளே, காப்பித்தூள் நிறத்தில், மணல் போல ஒரு பொடி. செமோர் சாலையில் போலீஸ் போட்ட தடுப்பில், பத்துமலையின் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடைத்தது.

"சத்தியமா இறால் முட்டை சார்," என்றான் பத்துமலை. கையில் விலங்கு. "உப்பு ஏரியில விளையுற பொடி இறாலு. மீன் தொட்டி வெச்சிருக்கவங்க குஞ்சு மீனுக்குக் கொடுப்பாங்க. அமெரிக்காவுல இந்த வருஷம் விளைச்சல் இல்ல, விலை மூணு மடங்கு ஏறிப்போச்சு. முழு டப்பா யாரால வாங்க முடியும்? இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா கட்டிக் கேக்குறாங்க. சுங்கை சிப்புட்டுல ஒருத்தருக்குக் கொண்டு போனேன். என் மச்சான் கடைச் சரக்கு சார்."

அந்த மச்சான், ஈப்போவில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் உடையப்பன், பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவர் தங்கை நல்லம்மாள், பத்துமலையின் மனைவி, அழுது சிவந்த கண்களோடு.

"எங்க பரம்பரையில ஒருத்தன்கூட போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினதில்ல, சார்ஜன்," என்றார் உடையப்பன். "பொடியைக் கெமிஸ்டுக்குச் சோதனைக்கு அனுப்புங்க. உண்மை தெரிஞ்சிடும்."

"அனுப்பலாம். பதில் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இவரு உள்ளதான்."

"ஐயோ, ஞாயித்துக்கிழமை மகளுக்குப் பரிசம் சார்!" நல்லம்மாள் பதறினாள். "அப்பன் போதைத் தூள் கேசுல உள்ள இருக்கான்னு தெரிஞ்சா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க வாசல மிதிப்பாங்களா?"

பத்துமலைக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது.

"சார், ஒரு வழி இருக்கு! உப்புத் தண்ணியில ஒரு கரண்டி போட்டு வைங்க. நாளைக்கு இந்நேரம் குஞ்சு பொரிச்சு நீந்தும். போதைத் தூள் நீந்துமா சார்?"

ராஜுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீந்துனா இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பேசி உன்னை அனுப்பி வைக்கிறேன். நீந்தலன்னா?"

"என்னைத் தூக்குல போடுங்க!"

"மாப்ளே, வாயை மூடு!" உடையப்பன் அதட்டினார். "குழாய்த் தண்ணி ஆகாது. உப்பு அளவு தெரியணும், காத்து விடணும், சூடு வேணும். இதெல்லாம் ஸ்டேஷன்ல நடக்கிற காரியமா?"

"பேசாம இருங்கண்ணே! காப்பாத்த வந்த நீங்களே குறுக்க விழுந்தா எப்படி?" நல்லம்மாள் சார்ஜன் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன் கடைச் சரக்கு என்னைக்கும் பொய்க்காது சார். போடுங்க."

கண்ணாடிப் போத்தல் வந்தது. சமையல் உப்பு வந்தது. ராஜு ஒரு கரண்டி பொடியை அள்ளிக் கொட்டிக் கலக்கினார். போத்தலை மேசை விளக்கின் அடியில் வைத்துவிட்டு, லாக்கப் சாவியை எடுத்தார்.

பத்துமலை தெம்பாக எழுந்தான்.

"ஒரு ராத்திரிதானே மச்சான், இருந்துட்டு வாரேன். உங்க கையால கட்டின பொட்டலம், எனக்கென்ன பயம்?"

உடையப்பன் அவனையே பார்த்தார். பிறகு போத்தலைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் வீட்டு அலமாரிச் சாவி, சார்ஜன். விலை இன்னும் ஏறட்டும்னு நல்ல டப்பாவையெல்லாம் அதுலதான் பூட்டி வெச்சிருக்கேன். ஒண்ணை எடுத்து இன்னொரு போத்தல்ல போட்டுப் பாருங்க, பொரிக்கும். இது பொரிக்காது, மழையில நனைஞ்சு செத்த முட்டைன்னு தெரிஞ்சேதான் கட்டிக் கொடுத்தேன்."