டவர் இல்லாத வீடு

முனியன் வீட்டுக் கூரையில் பாதியைக் காணோம். கழற்றிய தகரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. அண்டா, அம்மிக்கல், பாய், சாமி படம் எல்லாம் வாசலில் கிடந்தன. சிவசங்கர் பைக்கை வாசலிலேயே நிறுத்தினான்.

மூட்டை கட்டிவிட்டார்கள். குடும்பத்தோடு குடகுக்குப் போகிறார்கள், மிளகு பறிக்க. கல்வராயன் மலையில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாவம், எல்லாம் இவனால் வந்தது. இவனால் என்றால் இவன் கம்பெனியால். கள்ளக்குறிச்சியில் இருந்த ஆபீஸைக் காலி செய்துவிட்டு, போனில் கஸ்டமர்களோடு பேசுகிற பெண்கள் எல்லாரும் இனி வீட்டிலிருந்தே பேசட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் லேப்டாப் கொடுத்து, டவர் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்புவது சிவசங்கரின் வேலை.

ரிஷிவந்தியத்தில் ஒருத்தி மாட்டுக் கொட்டகையிலிருந்து பேசுகிறாள். மாடு கத்தினால் மியூட் போட்டுவிடுகிறாள். கூரை இருக்கிறதல்லவா, மேனேஜர் அதையும் வீடு என்று ஒத்துக்கொண்டார்.

முனியன் மகள் அருள்மொழிக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். ஆனால் வீட்டுக்குள் டவரே எடுக்கவில்லை. ஊருக்கு மேலே, அவர்களுடைய சாமைக் கொல்லையில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறினால் நாலு கோடும் வந்துவிடும்.

"பாறை மேல குந்திக்கினு பேசுனா அது வூட்லேர்ந்து வேலையாய்யா?" என்று மேனேஜர் போனில் கத்தினார். "காத்து சத்தம் கஸ்டமருக்குக் கேக்குது. வூட்டுக்குள்ள டவர் இருந்தா வேலை. இல்லன்னா லேப்டாப்ப வாங்கிக்கினு வந்துடு."

போன வாரமே அதை இங்கே வந்து சொல்லியாயிற்று. இன்று லேப்டாப்பை வாங்கிப்போக வந்திருக்கிறான்.

"வாங்க சார்." அருள்மொழியின் அம்மா இருசம்மாள் இடுப்பில் அரிசிக் குண்டானோடு வெளியே வந்தாள். "மோர் குடுக்கலாம்னா டம்ளரு கூட இல்ல. எல்லாத்தயும் கட்டியாச்சி."

"பரவால்லங்க. எல்லாரும் கெளம்பிட்டீங்களா?"

"வேற இன்னா பண்றது? பொண்ணு சோறு தண்ணி இல்லாம அழுதுக்கினே கெடந்துச்சி. பாக்க முடியல. அதான் அவங்கப்பா முடிவு பண்ணிட்டாரு."

சிவசங்கர் குரலைத் தாழ்த்தினான். "நான் வேணும்னு பண்ணலங்க. கம்பெனி ரூல்ஸு."

"ஐயோ, உங்கள யாரு சார் குத்தம் சொன்னது? ரூல்ஸுன்னா நாமதான அனுசரிச்சிப் போவணும்."

இவ்வளவு நல்லவர்களாக இருக்கக் கூடாது. திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேர்த்து விறுவிறுத்து வந்த முனியன், அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தகரத்தைத் தலையில் ஏற்றினார். யாரோ அதையும் விலை பேசிவிட்டார்கள் போல. சிவசங்கர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான். "அந்த லேப்டாப்ப மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

"அதான் சார் மொதல்ல போச்சி. காலைலியே."

"போச்சா?" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்னங்க இது அநியாயமா இருக்குது! கம்பெனி பொருளுங்க அது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், என் வேலை போயிடும். குடகுக்குப் போறதுன்னா போங்க, அதுக்காக லேப்டாப்பயுமா விப்பாங்க?"

முனியன் தகரத்தை இறக்கி வைத்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"குடகா? யாரு சார் குடகுக்குப் போறது?"

"அப்ப இந்தச் சாமானெல்லாம்?"

முனியன் மேலே சாமைக் கொல்லைப் பக்கம் கை காட்டினார். பாறையை ஒட்டி நாலு மூங்கில் நட்டு, பாதிக் கூரை போட்டாகியிருந்தது. அதன் கீழே அருள்மொழி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மீதிக் கூரைக்காகக் காத்திருந்தாள்.

"டவரு வூட்டுக்கு வரல சார். அதான் வூடு டவருக்குப் போவுது."