பத்தடி முன்னால்

"கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம். இவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்!" என்று அம்மா ஒலிபெருக்கியில் சொன்னதும் மண்டபமே சிரித்தது. மேஜைமேல் மாலை போட்ட படமாக இருந்த அப்பாவும் சிரிப்பதுபோல்தான் இருந்தார்.

முன்வரிசையில் இருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்து அவள் பேச வேண்டும். மடியிலிருந்த தாளில் எல்லாம் தயார், ஒரு வரியைத் தவிர. 'அம்மாவுக்கு நல்ல கணவர்' என்று எழுதி, அடித்து, திரும்ப எழுதி, திரும்ப அடித்திருந்தாள்.

மற்றதெல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிட்டது. பட்டாளத்தை விட்டு வந்து நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபிறகும் தெருவே அவரைப் 'பட்டாளத்தார்' என்றுதான் கூப்பிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மகளுக்கு அவரே தலை பின்னிவிடுவார். கயிறு முறுக்குகிற முறுக்கு. சாயங்காலம் வரை ஒரு முடி அசையாது. மழை வந்தால் பள்ளிக்கூட வாசலில் முதல் குடை அவருடையது.

பட்டாளத்தில் கிடங்கு வேலை என்பார். கம்பளிக்காக அந்துப்பூச்சியோடு போரிட்ட மாவீரர் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அந்த நடை.

கடற்கரையோ பூங்காவோ, பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கே போகிற மைதானமோ, எங்கே போனாலும் அவர் பத்தடி முன்னால். தலையைக் குனிந்துகொண்டு, ஆறடி உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத குட்டிக் குட்டி அடிகள். பிள்ளைகள் முந்தி ஓடினால் காலரைப் பிடித்து நிறுத்துவார். போய்ச் சேர்ந்ததும் திரும்பி, "ம், வாங்க" என்பார். அம்மா பின்னால் ஒற்றை ஆளாக வந்துகொண்டிருப்பாள்.

அம்மாவோடு சேர்ந்து நடந்தால் கௌரவம் குறைந்துவிடுமா என்று மகள் பதினான்கு வயதில் அவரிடம் கேட்டேவிட்டாள்.

"நான் முன்னாடி போனாத்தானேம்மா அவ பின்னாடி வர முடியும்?" என்றார்.

அந்தப் பதிலை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. கடைசி மாதம், ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தபோதுகூட, 'இப்போதாவது தோன்றியதே' என்றுதான் நினைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மீசை மாமா, அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இவன் வேலையை விட்டாலும் வேலை இவனை விடலை, பாத்தியா!"

"கிடங்குல கம்பளி மடிக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

மாமாவின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினார்.

"கிடங்குன்னா சொல்லி வெச்சிருக்கான்? கண்ணிவெடி எடுக்கிற வேலைம்மா. ஒருத்தன் மண்ணைப் பாத்துப் பாத்து முன்னாடி போகணும். மத்தவங்க பத்தடி தள்ளி, அவன் கால் வெச்ச இடத்துலயே கால் வெச்சுப் போகணும். ஆறு வருஷம் உங்கப்பன்தான் முன்னாடி. பின்னாடி வந்த எங்கள்ல ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லை."

கடற்கரை. பூங்கா. மைதானம். எல்லாம் மண்.

ஆஸ்பத்திரியில் வழவழவென்று டைல்ஸ்.

அம்மா பேசி முடித்து வந்து உட்கார்ந்தாள். மகள் அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மா, அப்பா என்ன வேலை பார்த்தார்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா மீசை மாமாவை ஒரு முறை முறைத்தாள்.

"கல்யாணமான மூணாம் நாளே தெரியும்."

"அப்புறம் ஏம்மா முதுகு முதுகுன்னு ஊரெல்லாம் புலம்பின?"

"நான் புலம்பாம இருந்தா ஊர் அவரைப் பிடிச்சுத் துருவும். ஏன் இப்படி நடக்கிறீங்க, என்ன ஆச்சுன்னு. அவர் அதையெல்லாம் திரும்பச் சொல்லணுமா? சிரிச்சுட்டா ஒரு பய கேக்கமாட்டான்." முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "போ, உன்னைக் கூப்பிடுறாங்க."

மகள் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடித்திருந்த வரியையும் சேர்த்து வாசித்தாள். கடைசியில், அப்பா போலவே தலையைக் குனிந்து, குட்டி அடிகளாக எடுத்து வைத்து நடந்து காட்டினாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அம்மாதான். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது தூறல் விட்டிருந்தது. மண்டபத்து வாசலிலிருந்து சாலை வரை வெறும் மண் தரை, நன்றாக ஊறிப்போயிருந்தது.

மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். ஒன்று, இரண்டு என்று பத்தடி. கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு திரும்பி நின்றாள்.

"ம், வாங்க" என்றாள்.

அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈர மண்ணில் மகளின் காலடி ஒவ்வொன்றிலும் தன் பாதத்தைச் சரியாகப் பொருத்திப் பொருத்தி வைத்து வந்தாள். நாலாவது அடிக்குக் கால் எட்டவில்லை.

"ஏன்டி, இவ்வளவு அகலமாவா வெப்பே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "உங்கப்பா என் காலுக்கு எட்டுற மாதிரிதான் வெப்பாரு."