தறிக்கு மேலே ஒரு கூடு

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஹேமலதா கத்தியைத் துடைத்தாள். செய்தது செய்தாயிற்று, மாமியார் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் தடயத்தை மறைக்க வேண்டும்.

மேஜை மேல் கிடந்தது பிணம் இல்லை, பயப்படாதீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளவிக்கூடு, இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆனால் கல்யாணமாகி மூன்று வருஷமாகக் குழந்தையில்லாத வீட்டில் குளவிக்கூட்டை உடைப்பதற்குக் கொலையே தேவலை.

குளவி வந்து கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பார்கள். கலைத்தால் வயிற்றில் இருப்பதும் தங்காது என்பார்கள். இரண்டையும் மாமியார் உண்ணாமலை அவளிடம் பலமுறை சொல்லியாயிற்று.

ஹேமலதாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவள் ஆராய்ச்சி மாணவி. கல்லாகிப் போன குளவிகளை வகை பிரித்து, எது எதற்குப் பங்காளி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு கல்லில் குளவியின் இறக்கையும், பக்கத்திலேயே அது கட்டிய மண்கூடும் பதிந்திருந்தன. இன்றைய மண்குளவிகள் அதன் நேர் வாரிசா, தூரத்து உறவா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். இன்றைய கூடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கூடு வீட்டிலேயே இருந்தது. அவள் மேஜை போட்டுப் படிக்கும் தறி அறையில், தறிக்கு நேர் மேலே, உத்தரத்தின் மூலையில். போன மாதம் பெரணமல்லூரிலிருந்து வந்த மாமியாரின் நாத்தனார், "கோடி வருசத்துக் குளவிக்கெல்லாம் வம்சம் பாத்துகினு கீறா. நம்ம வம்சத்துக்கு இன்னா வழி?" என்று கூடத்தில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரமே கூடு வந்துவிட்டது. உண்ணாமலை அன்றைக்கே போன் போட்டுச் சொன்னாள். அதோடு நாத்தனார் வாய் அடைத்துப்போனது.

"யாரும் கிட்ட போவாதீங்க" என்று வீட்டில் உத்தரவு. தறியில் உட்காரும் மகன் ராஜ்குமாரைக்கூட மெதுவாக எழுந்திருக்கச் சொன்னாள் உண்ணாமலை.

ஓரத்தில் ஒரு சிட்டிகை மண் சுரண்டத்தான் ஹேமலதா ஸ்டூல் போட்டு ஏறினாள். கத்தி பட்டதும் மொத்தமும் பெயர்ந்து கீழே விழுந்தது. தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைத் தடவி ஒட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை.

உடைத்ததுதான் உடைத்தோம், பார்த்தாவது வைப்போம் என்று மேஜையிலிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம். கல்லில் இருந்த கூட்டில், குளவி உருண்டை உருண்டையாக மண் கொண்டுவந்து வைத்த வரிகள் அத்தனை தெளிவாக இருந்தன. இதில் ஒரு வரிகூட இல்லை. உள்ளே புழுவும் இல்லை, புழுவின் தீனிக்காகக் குளவி அடைத்து வைக்கும் சிலந்தியும் இல்லை. மண்ணுக்குள் ஒரு ஜரிகைத் துணுக்கு மட்டும் மின்னியது. தறியில் கால் வைக்கும் குழியிலிருந்து குளவி ஈரமண்ணைத் தூக்கிப் போய்க் கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படிக் கட்டும் குளவி அவளுக்குத் தெரிந்த எந்த வம்சத்திலும் இல்லை. ஆனால் அவளைக் கலக்கியது அது இல்லை. கூடு காலியாக இருந்ததே, அதுதான்.

கை தானாக வயிற்றைத் தொட்டது. நாள் தள்ளிப் போயிருந்தது. ராஜ்குமாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. போன வருஷம் இப்படித்தான் ஊருக்கெல்லாம் சொல்லி, கடைசியில் தங்காமல் போனது. படித்த படிப்பெல்லாம் எந்த மூலைக்கு?

கதவு தடதடத்தது.

"ஹேமா! இன்னாத்துக்கு தாப்பா போட்டுகினு கீற? ஜல்தி தொற."

திறந்தாள். குங்குமப் பொட்டலத்தோடு உள்ளே வந்த உண்ணாமலை முதலில் மேஜையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தாழ்ப்பாளை அவளே போட்டாள்.

"யார்னா பாத்தாங்களா?"

"இல்ல அத்தை. மன்னிச்சிடுங்க அத்தை. கொஞ்சூண்டு மண்ணு எடுக்கலாம்னுதான்..."

"ராஜ்குமாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

உண்ணாமலை குனிந்து இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூட ஹேமலதா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை, அழுகை வெடித்துவிட்டது.

"எனக்கு பயமா இருக்கு அத்தை. நாள் தள்ளிப் போயிருக்கு. இந்த நேரம் பாத்து கூட்ட ஒடச்சிட்டேன். உள்ள ஒரு புழுகூட இல்ல, காலியா இருக்கு. இதுவும் தங்காதா அத்தை?"

பொட்டலம் நழுவிக் குங்குமம் தரையெல்லாம் சிதறியது. உண்ணாமலை மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அய்ய, அழுவாத. ஒன்னும் ஆவாது."

"கலைச்சா தங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது குளவி கட்டின கூடு."

ஹேமலதா நிமிர்ந்து பார்த்தாள். உண்ணாமலை ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதோடு சொன்னாள்:

"இத கட்டினது நான்தாமா."