கூடத்தில் ஒரு கயாக்

சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூடத்தின் நடுவே கயாக் படகைப் போட்டிருந்தான் கணவன்.

"அஞ்சே நாள்மா. தூங்கத்தான் பெரிய கப்பல் இருக்கே. பகல்ல மட்டும் இதுல இறங்கி மீன் பிடிக்கப்போறேன்."

"நடுக்கடல்ல கவிழ்ந்தா?" என்றாள் மனைவி.

"திரும்ப ஏறிடுவேன்."

"எங்க, ஏறிக் காட்டுங்க."

தரையில் குப்புறப் படுத்துக் கால்களை உதைத்து, தொப்பை இடிக்க ஏறினான். மறுபக்கம் உருண்டு விழுந்தான்.

"நீங்க போகவேண்டாம்."

"எங்க செட்ல மத்த ஏழு பேரும் பை கட்டியாச்சு. நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

"மறுபடியும் ஏறுங்க."

நான்காவது முறை ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பையும் பிடித்துவிட்டான்.

மனைவி சிரித்தபடி, பயணிகள் பட்டியலில் கடைசிப் பெயராக அவனுடையதை எழுதினாள். பிறகு, தன் கேப்டன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"காலைல அஞ்சு மணிக்குக் கப்பலை எடுத்துடுவேன். லேட்டா வந்தா, புருஷன்னுகூடப் பார்க்கமாட்டேன்!"