பாறை வளைவில் ஒரு பதில்

அவள் ஓடினாள். வறண்ட ஓடையின் உருளைக்கற்கள் காலை வாரிவிடப் பார்த்தன. இருபுறமும் எழுந்த பாறைச் சுவர்கள் வானத்தை ஒரு கீற்றாக நறுக்கியிருந்தன. வெயில் ஏறினால் இந்த இடுக்கில் காற்று கிளம்பிவிடும். அப்புறம் மகன் குரல் கேட்காது; வருஷத்துக்கு இந்த ஒரு காலைதான். அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"மெதுவா போடி! அவன் எங்க ஓடிடப் போறான்?" பின்னால் மூச்சிரைத்தார் கணவர், பஸ் மெக்கானிக்.

"போன வருஷமும் இப்படித்தான் ஆடி அசைஞ்சு வந்தீங்க. ஒரு வார்த்தையோட போச்சு."

"குரல் உடைஞ்சு தகரம் மாதிரி கேட்டுச்சே, அப்பவா?"

"அது எந்தக் காலம்! இப்ப உங்களை மாதிரியே கட்டைக்குரல்."

வளைவு வந்தது. எதிரே செங்குத்துப் பாறை. அவள் கைகளை வாயருகே குவித்தாள்.

"சின்னு! சாப்பிட்டியாடா?"

பாறை சும்மா இருந்தது. அவள் கணவரின் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

"சாப்பிட்டேம்மா."

கனத்த ஆண்குரல். அதை ஒட்டியே ஒரு கீச்சுக்குரல்: "நானும் சாப்பிட்டேன் பாட்டி!"

மெக்கானிக் தொப்பென்று கல்லில் உட்கார்ந்தார். "அடேய்! கல்யாணம் எப்படா பண்ணிக்கிட்ட? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. பாறை என்ன சொன்னதோ, கேட்கவில்லை. அவள் மட்டும் காதில் வைத்த கையை எடுக்காமல், பேத்தியா பேரனா என்று தெரியாமல், சிரித்தபடி நின்றாள்.

இதே ஓடையில் வெள்ளம் சின்னுவை இழுத்துக்கொண்டு போனபோது, அவனுக்கு வயது ஐந்து.