பதினொன்றுக்குப் பிறகு

பள்ளி மாடிக்கு ஏறும்போது பதினொன்றாவது படியில் மகள் நின்றுவிட்டாள்.

மேலே இன்னும் மூன்று படிகள் இருந்தன.

அவள் திரும்பி, பின்னால் வந்த அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வீட்டு மாடிக்குப் பதினொரு படிகள். எட்டு மாதமாக, நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஒவ்வொரு காலையும் அந்தப் படிகளில்தான் அவளைப் பழக்கினான். கைப்பிடியில் ஒரு கை. படிக்கு ஒரு கால். கூடவே அவன் சத்தமாக எண்ணுவான். பதினொன்று சொன்னதும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

“வேற வேற படியிலயும் ஏத்திப் பழக்குங்க, ஆதிரை அப்பா” என்று தெரபி மையத்து ஜெசிந்தா இரண்டு முறை சொன்னாள்.

அவன் தலையாட்டினான். செய்யவில்லை.

நான்கு வயது மகளுக்கு அவன் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். பதினொன்றில் படிகள் முடியும். அப்பா தூக்குவார்.

உச்சியில் தலைமையாசிரியை நின்றிருந்தார். போன வாரமே சொல்லியிருந்தார். “எல்கேஜி மாடியிலதான் சார். தானா ஏறி வரட்டும், சேத்துக்கறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் பாப்போம்.”

மற்ற மூன்று பள்ளிகள் இந்த அளவுக்குக்கூடப் பேசவில்லை.

அவன் தூக்கவில்லை.

அவள் முகம் கோணியது. பிறகு சத்தம் வந்தது. சுவர்களில் மோதித் திரும்பியது. உட்கார்ந்து குதிகால்களால் படியை உதைத்தாள். ஒரு ஷூ கழன்று கீழே உருண்டது.

ஜெசிந்தா சொல்லியிருந்தபடி அவன் இரண்டு படி கீழே உட்கார்ந்தான். தூக்கக் கூடாது. பேசக் கூடாது. அவளைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தால் போதும்.

கைகளை நம்ப முடியவில்லை. தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளைகள் ஒதுங்கி ஏறினார்கள்.

“டேய், பாப்பாவுக்கு பேட்டரி தீந்துருச்சுடா.”

“வாய மூடிட்டு ஏறுடா. அவங்கப்பா இருக்காரு.”

ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

அழுகைக்கு நடுவில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். இரண்டு உள்ளங்கைகளையும் அதில் பதித்தாள். தள்ளினாள்.

மையத்தில் சொல்லிக்கொடுத்தது. சுவர் நகராது. தள்ளத் தள்ள மூச்சு சீராகும். யாராவது நினைவுபடுத்தாமல் அவள் அதைச் செய்ததே கிடையாது.

இப்போது யாரும் நினைவுபடுத்தவில்லை.

விசும்பல் நின்றது. மூக்கு ஒழுகியது. எழுந்து கைப்பிடியைப் பிடித்தாள். அடுத்த படியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அவன் அடுத்த எண்ணைச் சொல்லக் காத்திருந்தாள்.

அவன் நாக்கு நுனியில் பன்னிரண்டு இருந்தது. சொன்னால் ஏறிவிடுவாள். நாளைக்கு அந்த எண்ணில் போய் நிற்பாள்.

வாயை இறுக்கிக்கொண்டான்.

அவள் வலது காலை மேலே வைத்தாள். இடது கால் வர நேரமானது.

வந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் சார் ஆகும்?” தலைமையாசிரியை கேட்டார்.

அவன் பேசக் கூடாது. உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான். தெரியாது.

மாடி வராந்தாவில் ஆயா வந்தாள். கையில் இரும்புக் கம்பி. படிக்கு நேர் மேலே, உத்தரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பள்ளிக்கு அதுதான் மணி. ஒன்பது பத்துக்கு அடிக்க வேண்டும்.

குக்கர் விசில் கேட்டாலே மகள் அழுகை அடங்க அரை நாள் போய்விடும்.

ஆயா கம்பியை ஓங்கினாள். அவன் கம்பியையே பார்த்தான்.

தலைமையாசிரியை அவனைப் பார்த்தார்.

“செவத்தி, அத இங்க குடு.”

“பெல்லு டீச்சர்? நேரமாச்சே.”

“குடு.”

கம்பியை வாங்கிக்கொண்டு, சேலையைச் சுருட்டி, முழங்காலைப் பிடித்தபடி அவர் மேல்படியில் உட்கார்ந்தார். கம்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் அடுத்த படியில் முட்டியை ஊன்றினாள்.

மணி ஒன்பது பன்னிரண்டு.

கீழ் வகுப்பில் ஒரு குரல் கேட்டது.

“ஏன்டா, இன்னிக்கு லீவா?”