போர்ட் 8443

"ஏட்டி யுவராணி, நாப்பத்தோரு பேரு பதிலா? அம்புட்டும் எங்கிட்டுக் கெடந்துச்சு?"

நாகஜோதி இருக்கையை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். இராஜபாளையத்தில் இருவரும் வேலை பார்ப்பது ஒரு திருமணத் தகவல் மையம். போன் நாகஜோதிக்கு, கம்ப்யூட்டர் யுவராணிக்கு.

"சோதனை மெஷின்லக்கா. தப்பு என் மேலதான்."

மையத்தின் ஆப்பில் வருவதெல்லாம் முதலில் கிளவுடில் இருக்கும் லோடு பேலன்சருக்கு வரும். எந்த போர்ட்டில், அதாவது எந்த எண் வாசலில், வருவதை எந்த மெஷினுக்கு அனுப்புவது என்று அதில் விதி எழுதுவது யுவராணி. மூன்று மாதம் முன்பு, ஆப்பைச் சோதிக்க, அதன் பதில்கள் வரும் 8443-ஐச் சோதனை மெஷினுக்குத் திருப்பினாள். பிறகு மாற்ற மறந்துபோனாள். இன்று காலைதான் கண்ணில் பட்டது. திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"வெப்சைட்ல வந்த பதிலெல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அதான் யாருக்கும் சந்தேகம் வரல."

"வெளங்கும்! மாப்பிள்ள பதிலே போடலைன்னு எம்புட்டுப் பொண்ணுக மூக்கச் சிந்துனாளுகளோ. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மன்னிப்புக் கேளு."

நாற்பது பேரிடம் பேசி முடித்தாள். சிலர் சிரித்தார்கள், பலர் ஏசினார்கள். கடைசிப் பெயரில் விரல் நின்றது. மாரிச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், பட்டாளத்துக்காரர். ஒரு பெண்ணுக்கு 'பிடித்திருக்கிறது, வீட்டில் பேசலாம்' என்று எழுதி எழுபது நாள் ஆகியிருந்தது. இரு பக்கமும் சம்மதிக்கும்வரை பெண்ணின் பெயரையும் படத்தையும் மையம் காட்டாது. பதிவு எண் மட்டும்தான்.

"என்னட்டி, முழுங்கவா போறாரு? ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

மறுமுனையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அந்தப் பொண்ணுதான் வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சேன்ங்க. ரெண்டு மாசம் எங்கம்மாவ வேற எடம் பாக்க விடல. போன வாரந்தான் ஒரு எடத்துல பூ வச்சோம்."

"வாழ்த்துகள் சார்."

"அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருவீங்களா? நான் பதில் போடாம இருந்துறலைன்னு."

"சொல்லிருதேன் சார்."

நாகஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவம்ட்டி. அந்தப் பொண்ணு நம்பரத் தா. நானே பக்குவமா எடுத்துச் சொல்லுதேன்."

யுவராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம்க்கா. அவ இங்கனயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா."